மாசமாவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

கேள்வி:

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 29. மகனுக்கு நாலு வயது முடியப் போகிறது. அவன் வயிற்றில் இருந்தபோது ஏழாவது மாதம் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்துக்கொண்டேன். 4.2 கிலோ எடையில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அப்போதே காப்பர் டி-யும் வைத்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விடும் என்றார்கள், நானும் அதோடு மறந்துவிட்டேன். இரண்டு வருடம் முன்பு வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்த அக்கா, 260 காட்டுகிறது என்றார். அதிலிருந்து மெட்ஃபார்மின் இரண்டு வேளை, கிளிமிபிரைடு காலையில் ஒன்று, பி.பி.க்கு எனலாப்ரில் ஒன்று போடுகிறேன். போன மாதம் கீழே இறங்கி ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 8.4, ரத்தம் 9.2 என்று எழுதியிருக்கிறது.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று எனக்கும் ஆசை, வீட்டுக்காரருக்கும் ஆசை. காப்பர் டி-யை இப்போதே எடுத்துவிடலாமா? நாள் தள்ளிப் போனதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடு, மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்கும் என்கிறார் மாமியார். சாமையும் தேனும் சாப்பிட்டால் சர்க்கரை தானாக அடங்கும் என்றும் சொல்கிறார். இன்சுலின் போட வேண்டியிருக்கும் என்று கீழே ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. எங்கள் பக்கத்தில் சர்க்கரையோடு மாசமான ஒருத்திக்குப் பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நான் பிள்ளை பெறலாமா, கூடாதா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு, நீங்கள் தாராளமாகப் பெறலாம். ஆனால் காப்பர் டி-யை இப்போது எடுக்காதீர்கள். அது உள்ளே இருக்கிற இந்த மூன்று, நான்கு மாதம்தான் உங்கள் குழந்தைக்கு நீங்கள் செய்யப்போகிற பெரிய காரியம் நடக்கிற காலம். ஏன் என்று சொல்கிறேன்.

கர்ப்பத்தை நாம் கடைசியாகத் தீட்டான நாளிலிருந்து எண்ணுகிறோம். நாள் தள்ளிப் போகும்போதே கணக்குப்படி நாலு வாரம் முடிந்துவிடும். "பார்ப்போம், இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று இருந்து, அட்டையில் சோதித்து, மாமியாரிடம் சொல்லி, நர்சம்மாவிடம் பதிந்து, பஸ் பிடித்துக் கீழே இறங்கி டாக்டரைப் பார்ப்பதற்குள் எட்டு, பத்து வாரம் ஓடிவிடும். ஆனால் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் ஆறாவது வாரத்தோடு மூடிக்கொள்கிறது. இதயத்தின் அறைகளும் தடுப்புச் சுவர்களும் பத்தாவது வாரத்துக்குள் பெரும்பாலும் வடிவம் பெற்றுவிடுகின்றன. அந்த நாட்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்ததோ, அதில் மிதந்தபடிதான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. பத்தாவது வாரத்தில் வந்து "டாக்டர், இனிமேல் கட்டுப்பாடாக இருக்கிறேன்" என்று சொல்கிற பெண்ணுக்கு நான் பல உதவிகள் செய்ய முடியும். கடந்துபோன அந்த ஆறு வாரத்தை மட்டும் திருப்பித் தர முடியாது.

உங்கள் பக்கத்தில் பிறந்த அந்தக் குழந்தையின் இதயத்தில் ஓட்டை எதனால் வந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சர்க்கரையே இல்லாத தாய்மாருக்கும் அப்படிப் பிறப்பதுண்டு. பொதுவாகவே நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பெரிய பிறவிக் குறை இருக்கும். கருத்தரிக்கும்போது சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அது பல மடங்காகும். கருவும் கலையலாம். சர்க்கரையை முன்கூட்டியே இறக்கிவிட்டுக் கருத்தரித்தவர்களுக்கு அந்த அபாயம் மற்றப் பெண்களின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதைவிட அந்த முதல் வாரங்களில் அது எத்தனையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஆகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

"போன தடவையும் சர்க்கரை இருந்தது, மகன் நன்றாகத்தானே பிறந்தான்" என்று வீட்டில் கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அப்போது உங்களுக்கு வந்தது கர்ப்பகாலச் சர்க்கரை. நச்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால், கர்ப்பத்தின் பிற்பாதியில் அது தலைகாட்டும். அதற்குள் குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருந்தன. தாயிடமிருந்து மிகுதியாக வந்த சர்க்கரைக்கு ஈடுகொடுக்கக் குழந்தையின் கணையம் நிறைய இன்சுலினைச் சுரந்தது, அதனால் குழந்தை கொழுத்தது. 4.2 கிலோவுக்கும் ஆபரேஷனுக்கும் அதுதான் கதை. இந்த முறை சர்க்கரை முதல் நாளிலிருந்தே கூட இருக்கப்போகிறது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்கிற வழக்கம் வந்ததற்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். சென்னை டாக்டர் வி. சேஷய்யா. காலையில் சாப்பிடாமல் வா, மூன்று முறை ரத்தம் கொடு என்றெல்லாம் அலைக்கழித்தால் கிராமத்துப் பெண் திரும்ப வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முறையை எளிமையாக்கினார். 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். உங்களுக்கு ஏழாவது மாதம் கண்டுபிடித்ததும் அந்த ஏற்பாட்டின் பலன்தான்.

அந்த ஏற்பாட்டில் இன்னொரு பாதி உண்டு, அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம். பிரசவமாகி ஆறாவது வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு மறைவது உண்மை. பல பேருக்கு அது சில வருடத்தில் திரும்பி வந்து தங்கிவிடுவதும் உண்மை. இது உங்கள் தப்பு இல்லை. கையில் பச்சைக் குழந்தை, ஆபரேஷன் செய்த வயிறு, கீழே இறங்க பஸ். யார் போவார்கள்?

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். மூன்று மாதச் சராசரி 8.4 என்றால், ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 190, 195 என்ற அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கருத்தரிக்க நினைக்கிறவர்களுக்கு 6.5-க்குக் கீழே வர வேண்டும் என்கிறோம். அது சராசரியாக 140. பத்துக்கு மேல் இருந்தால், இறங்குகிற வரை கருத்தரிக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகத் தடுப்போம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. 8.4-லிருந்து 6.5-க்கு மூன்று, நான்கு மாதத்தில் இறங்குகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் சீட்டில் அந்த எண்ணைவிட என் கண்ணில் பட்டது 9.2. ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவால் வருகிற ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இரும்பு மாத்திரை போட்டு ரத்தம் ஏறியதும், சர்க்கரை மாறாமலேயே இந்த எண் இறங்கும். அப்போது "ஆகா, சர்க்கரை குறைந்துவிட்டது" என்று ஏமாறக் கூடாது. இன்னொரு வகையும் உண்டு. ரத்த அணுக்கள் சீக்கிரம் சிதைகிற அரிவாள் அணுச் சோகை, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறுகளில் இது தலைகீழாகி, சராசரி பொய்யாகக் குறைத்துக் காட்டும். 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தில் பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் அணுச் சோகைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீங்கள் இருவரும் நெருங்கிய சொந்தம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் நான் நம்பமாட்டேன். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டர் வேண்டும். வாரத்தில் மூன்று நாள், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று வேளையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொன்று. ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும், தெரியும். தினமும் ஒன்று பார்ப்பதைவிட இப்படி மூன்று நாள் முழுசாகப் பார்ப்பது எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்பது கர்ப்பகால இலக்கு. இப்போதே அதை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். ஒரே நாளில் வர வேண்டியதில்லை. மகனின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள், டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு போதும்.

இனி மாத்திரை. உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியும் நேரம் தப்பிய சரி. எனலாப்ரில் கர்ப்பத்துக்கு ஆகாது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் சிறுநீரகத்தை அது பாதிக்கும். அதற்கு நெருங்கிய இன்னொரு ரகமான டெல்மிசார்டன், லோசார்டனும் ஆகாது. அவற்றுக்குப் பதிலாகக் கர்ப்பத்திலும் போடக்கூடிய லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன. காப்பர் டி எடுப்பதற்கு முன்பே டாக்டர் மாற்றித் தருவார். கிளிமிபிரைடையும் அதற்கு முன்பே நிறுத்தி இன்சுலினுக்கு மாறுவதுதான் வழக்கம். மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை, அது கருத்தரிக்கும் வரையிலும், பல நேரங்களில் அதற்குப் பிறகும் தொடரும். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் யாராவது எழுதியிருந்தால் அதையும் காட்டுங்கள், நிறுத்தச் சொல்வார்கள்.

நாள் தள்ளிப் போனதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? சர்க்கரை 260-க்குத் தாவும், அதுவும் குழந்தையின் இதயம் உருவாகிற அதே வாரத்தில். மாத்திரைக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்த கதையாகிவிடும். மாத்திரையை மாற்றுவது டாக்டர் வேலை, அது முன்கூட்டியே நடக்க வேண்டிய வேலை. ஒருவேளை திட்டமிடாமலேயே உண்டாகிவிட்டால்கூட, எனலாப்ரில் மட்டும் அன்றே நிற்கட்டும். சர்க்கரை மாத்திரைகளைத் தொடர்ந்துகொண்டே மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

புதிதாகச் சேர வேண்டிய மாத்திரை ஒன்று இருக்கிறது. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. தண்டுவடக் குறைகளைத் தடுப்பதற்கு. கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும், மூன்று மாதம் முன்பென்றால் நல்லது, 12-ஆவது வாரம் வரை தொடர வேண்டும். "எனக்கு நர்சம்மா கொடுத்த இரும்பு மாத்திரையிலேயே ஃபோலிக் இருக்கிறதே" என்பீர்கள். அதில் இருப்பது 500 மைக்ரோகிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது போதாது என்று தனியாகத் தருகிறோம். இரும்பு மாத்திரையையும் விடாதீர்கள், ரத்தசோகைக்கு அது வேண்டும். போட்டவுடன் டீ குடிக்காதீர்கள், இரும்பைச் சேரவிடாது.

இன்சுலினுக்கு வருவோம். மலையிலிருந்து வருகிற பெண்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆயுசுக்கும் போடணுமா?" என்பதுதான். இல்லை. பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியே வந்ததுமே இன்சுலின் தேவை சட்டென்று விழுந்துவிடும். உங்களைப் போன்ற பல பேர் பிறகு மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். நாம் போடுகிற இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை என்பதால்தான் கர்ப்பத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறோம். நூறு வருடம் முன்பு, 1922-இல் டொரண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடப்படும் முன், சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமாவதே அரிது, அப்படியே ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைப்பது அதைவிட அரிது. பாஸ்டனில் ப்ரிசில்லா வைட் என்ற பெண் டாக்டர் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட தாய்மாரைக் கவனித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பிள்ளை பிழைக்கும் என்று காட்டினார். இன்று அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது.

ஃபிரிட்ஜ் இல்லாதது தடையே இல்லை. பிரித்த குப்பியை வெயில் படாத இடத்தில் 25, 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை வைத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மலையில் வருடத்தின் பாதி நாள் அந்தக் குளிர்ச்சி தானாகவே இருக்கும். பிரிக்காத குப்பிகளை மாதக்கணக்கில் வாங்கி அடுக்காமல், அவ்வப்போது வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் ஒரு பெரிய மண்பானையில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, அதற்குள் ஒரு சின்னப் பானை வைத்து, குப்பியை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வையுங்கள், மேலே ஈரத்துணி. மணல் காய்ந்தால் திரும்பத் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்பங்கரையில் மட்டும் வேண்டாம்.

ஊசியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் தருகிற குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. கடையில் 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் விற்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தப்பும். குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் வாங்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை தாழ்ந்துபோவதைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அது அடிக்கடி வரும், வாந்தியும் சேர்ந்துகொள்ளும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலை கிறுகிறுப்பு. 70-க்குக் கீழே என்றால் உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். இங்கேதான் உங்கள் மாமியாரின் தேனுக்கு வேலை. ஒரு பெரிய கரண்டி, அதாவது மேசைக்கரண்டி தேனில் ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி முந்தானையில் முடிந்துகொண்டு சாமைக்குக் களை எடுக்கப் போங்கள், புளி பொறுக்கப் போங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு கரண்டி. பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டுவிட்டுக் காட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது. வீட்டுக்காரருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கட்டும்.

சர்க்கரை தாழாத நேரத்தில் அந்தத் தேன் வேண்டாம். மலைத்தேன், கொம்புத்தேன், எந்தத் தேனானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். பூவிலிருந்து வந்தது என்பதால் ரத்தத்துக்கு அது வேறாகத் தெரியாது. பலாச்சுளையும் அப்படித்தான். சீசனில் இரண்டு சுளை என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூடமாட்டேன்.

சாமையைப் பற்றி உங்கள் மாமியாரோடு நான் சண்டை போடப்போவதில்லை. ரேஷன் அரிசியைவிட அது நல்லது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் 65 கிராம். நார்ச்சத்தும் சாமையில்தான் அதிகம். ஆனால் 65 என்பது சும்மா இல்லை. சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு மூன்று தட்டு சாப்பிடுகிறவர்களின் சர்க்கரையை நான் தினமும் பார்க்கிறேன். மில்லில் தீட்டி வெள்ளை வெளேரென்று வந்த சாமைக்கும், உரலில் இடித்துத் தவிடு ஒட்டியிருந்த பழைய சாமைக்கும் நிறைய வித்தியாசம். கஞ்சியாகக் குழைத்துக் குடிப்பதைவிட உதிரியாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஒரு கப் சாமைச்சோறு, கூடவே கொள்ளோ மொச்சையோ அவரையோ ஒரு கப், கீரை ஒரு கப், இருந்தால் முட்டை. கொள்ளு உங்கள் மலையில் விளைகிறது, புரதமும் இரும்பும் கொண்டது. குதிரைக்கு மட்டும் போட வேண்டியதில்லை.

சில பரிசோதனைகளைக் காப்பர் டி எடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் விழித்திரைக் கோளாறு வேகமாக முற்றக்கூடும், சர்க்கரையைத் திடீரென்று இறக்கும்போதும் அப்படியாகலாம். அதனால் கண்தான் முதலில். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், தைராய்டு, பி.பி. இவை எல்லாம் ஒரே நாளில் முடிகிற காரியம். உங்களுக்கு பி.பி.யும் இருப்பதால் 12-ஆவது வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். அது பின்னால் பி.பி. ஏறி வலிப்பு வருவதைத் தடுக்க உதவும். "இதயநோய்க்காரர் மாத்திரையை எனக்கு ஏன்?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. மலைக் கிராமங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளை நர்சம்மா தனியாகப் பதிந்து பிக்மி என்கிற பதிவு எண் வாங்கித் தருகிறார். இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் என் அனுபவத்தில் அந்த நோட்டும் இந்த நோட்டும் பெரும்பாலும் சந்திப்பதில்லை. மாத்திரை கொண்டுவருகிற அக்காவுக்கு உங்கள் சர்க்கரை தெரியும், உங்களுக்குப் பிள்ளை ஆசை இருப்பது தெரியாது. நர்சம்மாவின் கண்ணில் நீங்கள் காப்பர் டி வைத்த பெண், கவலை இல்லை. "சர்க்கரை இருக்கிறது, பிள்ளை வேண்டும், இன்னும் உண்டாகவில்லை" என்கிற பெண்ணை இரண்டு பேருமே தேடி வரப்போவதில்லை. நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். மாசமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிற வெட்கத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுங்கள்.

ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருவார்கள். அமிர்தி வழியாக இறங்குவது உங்களுக்குச் சௌகரியம் என்றால் வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. எதுவானாலும் சர்க்கரை டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்கள், கடைசி வரை அங்கேயே காட்டுங்கள்.

உண்டான பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11-இலிருந்து 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18-இலிருந்து 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன், அதையொட்டிக் குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக ஒரு எக்கோ. உங்கள் பயத்துக்கு நேரடியான பதில் அந்த எக்கோதான், அதை மட்டும் தவறவிடாதீர்கள். பிற்பாதியில் இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகும். பல பேருக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும். "நோய் முற்றிவிட்டது" என்று பயப்பட வேண்டாம், நச்சுக்கொடி வளர்கிறது, அவ்வளவுதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் உதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு, பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருவார்கள். பெட்டகத்தில் இருக்கிற பேரீச்சம்பழத்தை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிரசவம் மலையில் வேண்டாம். முதல் பிரசவம் ஆபரேஷன், சர்க்கரை, பி.பி. ஆகிய மூன்றும் சேர்ந்த பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டரும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற இடம் கட்டாயம். பெரும்பாலும் 38-ஆவது வாரத்தை ஒட்டித் தேதி குறித்துவிடுவோம். வலி வரட்டும், 108-ஐக் கூப்பிடலாம் என்று மேலே காத்திருந்து, அத்திமூர் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு வராதீர்கள். 36, 37 வாரத்திலேயே கீழே இறங்கிவிடுங்கள். போளூரிலோ திருவண்ணாமலையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் முன்கூட்டியே அட்மிட் செய்துகொள்ளச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், மலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. குழந்தை பிறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். வயிற்றுக்குள் நிறைய இன்சுலினைச் சுரந்து பழகிய குழந்தைக்கு வெளியே வந்ததும் சர்க்கரை தாழும், சீம்பால்தான் அதற்கு முதல் மருந்து. குதிகாலில் குத்தி ஓரிரு நாள் சர்க்கரை பார்ப்பார்கள், பாட்டிமார் "பச்சைக் குழந்தையைக் குத்துகிறார்களே" என்று கத்துவார்கள். கத்தட்டும்.

அடுத்த முறை கீழே போகும்போது இப்போது போடுகிற மூன்று மாத்திரைகளின் அட்டையையும், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும், குளுக்கோமீட்டர் நோட்டையும் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் சர்க்கரை பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். எனலாப்ரிலுக்கு மாற்று, ஃபோலிக் 5 மில்லிகிராம், கண் பரிசோதனை, இந்த மூன்றையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். காப்பர் டி எடுக்கும் தேதியை அன்று கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, நோட்டில் இருக்கிற எண்களும் அதுவும் ஒத்துப்போனால், தேதியை டாக்டரே சொல்வார்.